கூழுக்கு விளக்கம் எழுதிய கை

மூன்றாவது இட்லி பெரியதம்பியின் வாய்க்குப் போகிற வழியில் பாதியிலேயே நின்றுவிட்டது. வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைப் புடவை, கையில் துணிப்பை, கால் நிறையப் புழுதி. அழுது முடித்துவிட்டு வந்தவளாகத் தெரியவில்லை. அழ நேரமில்லாமல் ஓடி வந்தவளாகத் தெரிந்தது.

"துப்பறியிற கோதண்டபாணி சார் இங்கதானே?"

"சாரு இங்கதான் இருக்காரு. துப்புதான் ரெண்டு மாசமா ஊர்ல இல்ல. உள்ள வாங்க" என்றான் பெரியதம்பி, அவருடைய உதவியாள்.

விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே காபி கிளப்பின் மாடியில் இருந்த அந்த அறைக்கு ஆபீஸ் என்று பெயர். நெற்றியில் நாமத்தோடு கோதண்டபாணி ஜன்னலோரம் நின்றபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ரயில் தபால் வண்டியில் பதினான்கு வருடம் நின்றுகொண்டே கடிதம் பிரித்துப் போட்ட மனிதர் அவர். வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் உட்கார்ந்தால் அவருக்கு மூளை ஓடாது. பெரியதம்பிக்கு நேர்மாறு. சாப்பாடு முன்னால் இல்லாவிட்டால் ஓடாது.

"நான் ஜெயம். திண்டிவனத்துக்குப் பக்கத்துல சேரிப் பள்ளிக்கூடத்து டீச்சர். மிஷன் பள்ளிக்கூடம்" என்றாள் அவள். "இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குக் கமிட்டி கூடுது. கூடிக் கலைஞ்சா நான் டீச்சர் இல்ல."

"என்ன செஞ்சீங்க?" என்றார் கோதண்டபாணி, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சீஷருங்க மக்குன்னு சொன்னேங்க."

"எந்த சீஷருங்க?" என்றான் பெரியதம்பி.

"இயேசுநாதரோட பன்னிரண்டு சீஷருங்க."

"கமிட்டியில எத்தினி பேரு?"

"பன்னிரண்டு."

கோதண்டபாணி பேப்பரை மடித்து வைத்தார். கிராக்கி வந்து அவர் பேப்பரை மடித்தது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை. வருஷம் 1936, மாதம் ஆவணி, ஆகையால் இந்தச் சாதனையின் பெருமையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஜெயம் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். சபையின் குருவான ஞானமுத்து ஐயருக்கு வந்த மொட்டைக் கடிதம். பதில் சொல்ல ஒரு சந்தர்ப்பம் இருக்கட்டும் என்று அந்த நல்ல மனிதர் அவளிடமே கொடுத்து அனுப்பியிருந்தார். கோதண்டபாணி உரக்கப் படித்தார்.

"மகா கனம் பொருந்திய ஐயரவர்கள் சமூகத்துக்கு இவ்வூர்க் கிறிஸ்தவர்களாகிய நாங்கள் கண்ணீரோடு எழுதிக்கொள்வது. ஹென்றிக்கும் ஆலிசுக்கும் ஆயாவாகிய அஞ்சம்மாள் வீட்டின் பின்புறத்தில் உபாத்தியாயினி ஜெயம் பெண்களைக் கூட்டி மாற்கு சுவிசேஷம் போதிக்கிறாள். ஆடி பதினெட்டாம் நாள், அதாவது இத்தேசத்தார் ஆற்றங்கரைக்குப் போய்ப் பலவகைச் சோறு உண்டு களிக்கும் நாளில், எல்லோரும் கூழ், அதாவது கேழ்வரகு மாவைக் காய்ச்சிச் செய்யும் எளிய உணவு, குடித்துக்கொண்டே பரிசுத்த சீஷர்களை மக்குகள் என்று சொல்லிச் சிரித்தார்கள். இவளை நீக்காவிட்டால் நாங்கள் சபையை விட்டு நீங்குவோம். இப்படிக்கு, இவ்வூர்க் கிறிஸ்தவர்கள்."

எழுத்துகள் அச்சைப் பார்த்து வரைந்த மாதிரி தனித்தனியாக நின்றன. கையெழுத்தை வைத்து ஆளைப் பிடிக்க வழியில்லை.

"எங்க ஜனங்களே எழுதிட்டாங்கன்னு ஐயர் நம்புறாருங்க" என்றாள் ஜெயம். "நேத்து ராத்திரி நானும் பாதி நம்பிட்டேன். அதைத்தான் தாங்க முடியல. எனக்கு முன்னால ரெண்டு வருஷம் அந்தப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்துதுங்க. சேரிக்குள்ள கால் வைக்க ஒரு டீச்சரும் ஒத்துக்கல. நான் போனா மறுபடியும் பூட்டுதான். நாப்பத்தோரு புள்ளைங்க மாடு மேய்க்கப் போயிடும்."

"அடுத்த பாசஞ்சர் எப்போ?" என்றார் கோதண்டபாணி.

"இன்னும் பத்து நிமிஷம்" என்றான் பெரியதம்பி, மூன்றாவது இட்லியைக் கையிலேயே எடுத்துக்கொண்டு.

வண்டி முண்டியம்பாக்கம் தாண்டியது. ஜெயம் பையிலிருந்து வேகவைத்த மல்லாட்டையை எடுத்துக் கொடுத்தாள். பெரியதம்பி கடலைத் தோலை உரித்து உரித்து வாயில் போட்டுக்கொண்டான். கோதண்டபாணி, காலி பெஞ்சு இருக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த மாற்கு சுவிசேஷத்தைப் பத்திச் சொல்லுங்க" என்றார் திடீரென்று. "எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு வெச்சுக்கினு சொல்லுங்க."

"வெச்சுக்கவே வேணாம், தெரியாது" என்றான் பெரியதம்பி.

ஜெயத்தின் முகம் அன்றைக்கு முதல் தடவையாக மலர்ந்தது. பாடம் நடத்தச் சொன்னால் தூக்குமேடையிலும் நடத்துகிற ஜாதி என்று பெரியதம்பி நினைத்துக்கொண்டான்.

"நாலு சுவிசேஷத்துல அதுதாங்க சின்னது. அதுதான் முதல்ல எழுதினதுன்னு படிச்சவங்க சொல்றாங்க. பக்கத்துக்குப் பக்கம் உடனே, உடனேன்னு வரும். உடனே படகுல ஏறினார், உடனே கரைக்கு வந்தார்."

"எழுதினவரும் பாசஞ்சர் புடிக்க ஓடிக்கினு இருந்தாரா?"

"ஒரு விதத்துல அப்படித்தாங்க. ரோமாபுரியில கிறிஸ்தவங்களை வேட்டையாடிக்கினு இருந்த காலம்னு சொல்லுவாங்க. மாற்குங்கிறவர் பேதுருவுக்குத் துபாஷியா இருந்தவராம். கிழவர் தன் பாஷையில சொல்லச் சொல்ல, இவரு ஜனங்களுக்கு விளங்குறாப்பல மாத்திச் சொல்லுவாராம். பின்னால அதையே எழுதி வெச்சாருன்னு பழைய காலத்துப் பேச்சு. பயந்து நடுங்கிக்கினு இருந்தவங்களுக்காக எழுதினது. அதனாலதான் சீஷருங்க பயந்ததையும் ஓடினதையும் மறைக்கல. அந்தப் பன்னிரண்டு பேருக்கும் கடைசிவரைக்கும் ஒண்ணும் விளங்காது. ஆனா கண்ணு தெரியாத பிச்சைக்காரனுக்கு விளங்கும். வேத்து ஜாதிப் பொம்பளை ஒருத்தி வந்து வாதாடி ஜெயிச்சிட்டுப் போவா. கடைசியில சிலுவைக்கு எதிர்ல நின்ன ரோமச் சிப்பாய்க்கு விளங்கும். உள்ள இருக்கறவங்களுக்குப் புரியாம, வெளிய நிக்கறவங்களுக்குப் புரியற கதைங்க அது. எங்க பொம்பளைங்க சிரிச்சது அதுக்குத்தான். எத்தினி காலமா வெளிய நிக்கறோம், நம்மளுக்கும் ஒரு புஸ்தகம் இருக்குதேன்னு."

பெரியதம்பி மல்லாட்டை உரிப்பதை நிறுத்தியிருந்தான். அவனுக்கே அது பிறகுதான் தெரிந்தது.

கோதண்டபாணிக்கு மட்டும் வேறு சந்தேகம். "ரோமாபுரிக்காரங்களுக்கு எழுதினதுன்னு எப்படிச் சொல்றீங்க? மேல விலாசம் போட்டிருக்கா?"

"விலாசம் எங்கங்க? உள்ள இருக்கறதை வெச்சுத்தான். யூதருங்க கை கழுவாம சாப்பிட மாட்டாங்க, கடைக்குப் போய் வந்தா குளிப்பாங்க, பாத்திரம் பண்டத்தை இப்படி இப்படிக் கழுவுவாங்கன்னு நின்னு விளக்கம் சொல்லுவாரு. யூதருக்கு எழுதியிருந்தா அது எதுக்கு? அதே மாதிரி, சிலுவையைச் சுமந்த சீமோனைச் சொல்றப்ப, இன்ன இன்ன பேருள்ள ரெண்டு பையன்களோட தகப்பன்னு சொல்லுவாரு. அந்தப் பையன்க யாருன்னு ஒரு வார்த்தை இல்ல. ஏன்னா படிக்கிறவங்களுக்கு அந்தப் பையன்களைத் தெரிஞ்சிருக்கும்."

கோதண்டபாணி கம்பியை விட்டுவிட்டார். வண்டி குலுங்கியதில் பெரியதம்பியின் மடியில் வந்து உட்கார்ந்தார். பதினான்கு வருடத்தில் ஓடுகிற ரயிலில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"பெரியதம்பி, ஞானமுத்து ஐயருக்குக் கூழ்னா என்னன்னு தெரியாதா?"

"அவரு வளவனூரு பக்கத்துக்காரருங்க" என்றாள் ஜெயம். "கூழ் குடிச்சே வளந்தவரு."

"அவருக்கு எதுக்குக் கூழுக்கு விளக்கம்? ஆடிப் பதினெட்டுக்கு எதுக்கு விளக்கம்? ஹென்றியும் ஆலிசும் யாரு?"

"மிஷன் துரை வீட்டுக் குழந்தைங்க. இப்ப பெருசாயி சீமையில படிக்குதுங்க."

"அவங்க யாருன்னு கடிதத்துல விளக்கம் இருக்கா? இல்ல. ஆடி தெரியாது, கூழ் தெரியாது, ஹென்றி ஆலிசை மட்டும் நல்லாத் தெரியும். ஐயர் பேரைப் போட்டாலும், அப்படிப்பட்டவங்க படிக்கறதுக்கு எழுதின கடிதம் இது."

"துரைசாணி" என்றான் பெரியதம்பி.

"வண்டியை ஜல்தியா போகச் சொல்லு" என்றார் கோதண்டபாணி, இஞ்சின் டிரைவர் பெரியதம்பிக்கு மாமன் முறை என்கிற மாதிரி.

திண்டிவனத்தில் இறங்கி ஜட்கா பிடித்து மிஷன் பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். துரை சுற்றுப்பயணம் போயிருந்தார். தலையில் பெரிய தொப்பியோடு கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த துரைசாணி இவர்களைப் பார்த்ததும் பூவாளியைக் கீழே வைத்தார்.

"வா ஜெயம். வாங்க, வாங்க, அப்படி நெழல்ல குந்துங்க. இன்னா சமாச்சாரம்? மூஞ்சியெல்லாம் வாடிக் கீது?"

பெரியதம்பிக்குத் தலை சுற்றியது. வெள்ளைக்கார வாயிலிருந்து சேரித் தமிழ் சொட்டுச் சிந்தாமல் வந்து விழுந்தது. அவன் குந்தினான்.

கடிதத்தைப் படித்துக் காட்டியதும் துரைசாணி திகைத்துப் போனார். "எனக்கு இப்படி ஒரு கடுதாசி வரவே இல்ல. எனக்கு எதுக்குக் கூழ் இன்னான்னு சொல்லணும்? வாரத்துக்கு நாலு நாள் அங்கதானே குடிச்சிக்கினு இருக்கேன். ஆடிப் பதினெட்டுக்கு நானும் பொம்பளைங்களோட குந்திக்கினுதான் இருந்தேன். நல்லாச் சிரிச்சேன். நானே கமிட்டிக்கு வந்து சொல்லட்டா?"

"வேணாங்கம்மா" என்றாள் ஜெயம். "நீங்க சொன்னா வேலை நிக்கும். ஆனா எங்க ஜனங்க எழுதினதுன்னு அவங்க நினைச்சது நினைச்சதுதான். துரைசாணி தயவுல இருக்கறவன்னு என் பாடத்தை யாரும் காதுல வாங்க மாட்டாங்க."

கோதண்டபாணி மரத்தடியில் நின்றுகொண்டு தன் காலையே பார்த்தார். காலையிலிருந்து கட்டின கோட்டை மண்ணாகிவிட்டது. விளக்கம் தேவைப்பட்ட ஒரே ஆளுக்கு விளக்கம் தேவையே இல்லை. மணி இரண்டாகப் போகிறது.

"பரவாயில்ல சார்" என்றான் பெரியதம்பி. "தப்பான வீட்டுக்கு வந்தாலும் கத்தரிக்காய் நல்லாக் கீது."

துரைசாணி உள்ளே குரல் கொடுத்தார். ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி மூன்று தம்ளர்களைத் தட்டில் வைத்து எடுத்து வந்தாள். அவள்தான் அஞ்சம்மாள். குழந்தைகள் சீமைக்குப் போன பிறகும் அந்த வீட்டிலேயே வேலையாக இருந்தாள். கோதண்டபாணியின் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்ததும் தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன. அவள் தட்டை நீட்டினாள். அவளுக்குப் பின்னாலேயே, விபூதியும் அங்கவஸ்திரமுமாக ஒரு மெலிந்த மனிதர் வந்தார். துரைமார்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிற முன்சி முத்துசாமி.

முன்சி தம்ளர்களைக் காட்டி, தொண்டையைச் செருமினார்.

"இது மோர் எனப்படும். தயிரில் நீர் சேர்த்துக் கடைந்து வெண்ணெயை நீக்கியபின் எஞ்சுவது. இத்தேசத்தார் வெயிற்காலத்தில் இதை விரும்பி அருந்துவர்."

பெரியதம்பி தம்ளரை உதட்டில் வைத்தபடி அசையாமல் குந்தியிருந்தான். பிறந்ததிலிருந்து அவன் குடித்த மோரை ஊற்றினால் ஒரு கிணறு நிரம்பும். அவன் கோதண்டபாணியைப் பார்த்தான். கோதண்டபாணி அவனைப் பார்த்தார். இரண்டு பேரும் மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கும்பிடு போட்டுவிட்டு, ஜெயத்தையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"சார், மோரு இன்னான்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"யாருக்கு எழுதினதுன்னு தேடினது என் தப்பு" என்றார் கோதண்டபாணி. தெருவில் வேகமாக நடந்துகொண்டே பேசினார். "பதினான்கு வருஷம் விலாசத்தையே பார்த்த புத்தி, எழுதினவனைப் பார்க்க விட்டுடுச்சு. டீச்சரம்மா, மாற்கு யாருன்னு சொன்னீங்க?"

"துபாஷி."

"துபாஷி கை சும்மா இருக்குமா? முன்சி எத்தனை வருஷமா வெள்ளைக்காரங்களுக்கு விளக்கம் சொல்றாரு?"

"பதினொரு வருஷம்."

"கையில விளக்கம் ஊறிப்போச்சு. ஐயருக்கு எழுத உக்காந்தாலும் பேனா தானா விளக்கம் சொல்லுது. ஹென்றியும் ஆலிசும் தினம் அவரு கண் முன்னால வளர்ந்த குழந்தைங்க. உலகத்துக்கே தெரியும்னு நினைச்சுட்டாரு. ஆனா அந்தக் கூட்டத்துல துரைசாணி இருந்ததை மட்டும் எழுதல. எழுதினா கடிதம் நேரே அவங்க கைக்குப் போயிடும். சரி, உங்க மேல அவருக்கு என்ன கோபம்?"

ஜெயம் நின்றுவிட்டாள். "சித்திரையில துரைசாணி அவருகிட்டப் பாடத்தை நிறுத்திட்டாங்க. என் வகுப்புக்கு வந்து பொம்பளைங்களோட பேசியே கத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க."

"பதினொரு வருஷம் இலக்கணத் தமிழ் ஊட்டி வளர்த்த வாயி, இப்ப குந்துங்கன்னு சொல்லுது" என்றான் பெரியதம்பி. "பாவம், நானா இருந்தா ரெண்டு கடுதாசி எழுதியிருப்பேன்."

நாலு மணிக்குக் கோயிலை ஒட்டிய கூடத்தில் பன்னிரண்டு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாசலுக்கு வெளியே சேரிப் பெண்கள் பதினைந்து இருபது பேர், உள்ளே வரச் சொல்லி யாரும் அழைக்காததால் நின்றுகொண்டிருந்தார்கள். கோதண்டபாணி கேட்டுக்கொண்டபடி ஞானமுத்து ஐயர் ஆள் அனுப்பி முன்சியையும் வரவழைத்திருந்தார். கோதண்டபாணி ரயிலில் தொடங்கி மோர்வரை எல்லாவற்றையும் சொன்னார். சொன்ன விதத்தில் பெரியதம்பிக்கே புல்லரித்தது.

முன்சி சிரித்தார். "விளக்கமாக எழுதுவது குற்றமா? அப்படியானால் நாட்டிலுள்ள உரையாசிரியர் அனைவரையும் சிறையில் வையுங்கள்."

கமிட்டியில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். காதில் கடுக்கன் போட்ட ஒரு பெரியவர், "நாமம் போட்டவரு வந்து நமக்குச் சுவிசேஷம் சொல்ற காலமா போச்சு" என்றார். ஐயர் தலையை ஆட்டினார். "யோசனை நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இது யூகம். எழுதினதைப் பார்த்தவங்க யாரும் இல்லியே."

ஜெயம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியதம்பிக்கு இத்தனை அழகான யுக்தி இத்தனை சுலபமாகத் தோற்குமா என்று இருந்தது. சொல்ல ஒரு கேலி தேடிப் பார்த்தான், கிடைக்கவில்லை.

"நான் பார்த்தேன் சாமி."

வாசலில் அஞ்சம்மாள் நின்றாள். முந்தானையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள். முன்சி திரும்பிப் பார்த்ததும் அவள் குரல் தேய்ந்தது. பதினொரு வருடமாகத் துரை வீட்டில் யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்று துரையின் காதில் போடுகிறவர் அவர்தான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"பங்களா தாழ்வாரத்துல குந்திக்கினுதான் எழுதினாரு. நான் பக்கத்துல அரிசி பொறுக்கிக்கினு இருந்தேன். மறைக்கக் கூட இல்ல. பத்து நாளா பயந்துக்கினு யார்கிட்டயும் சொல்லல. டீச்சரம்மா மூஞ்சைப் பார்க்க முடியல சாமி."

"நான் தினமும் ஏதாவது எழுதுகிறேன்" என்றார் முன்சி. "என்ன எழுதினேன் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு எழுத்துத் தெரியாதவள்."

"அப்படி நினைச்சுத்தான் என் எதிர்லயே எழுதினீங்க."

பெரியதம்பி ஜெயத்தைப் பார்த்தான். அவள் நிமிர்ந்துவிட்டாள்.

"படிப்பியா நீ?" என்றார் ஐயர்.

"தை மாசத்துலேந்து டீச்சரம்மா கத்துத் தராங்க. எழுத்துக் கூட்டித்தான் சாமி. வேகமா வராது."

"கடிதத்தைக் கொடுக்காதீர்கள்" என்றார் முன்சி. "யாராவது இவளை மனப்பாடம் செய்ய வைத்திருப்பார்கள்."

"சுவிசேஷத்தையே குடுங்க" என்றார் கடுக்கன் பெரியவர். "சீஷருங்க மக்குன்னு எங்க போட்டிருக்குன்னு நானும் கேக்கறேன். ஐயரே எடத்தைக் காட்டட்டும்."

ஐயர் தம்முடைய புத்தகத்தைப் புரட்டி, மாற்கில் எட்டாம் அதிகாரத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். அஞ்சம்மாள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். புத்தகத்தை வாங்கி, ஆள்காட்டி விரலை எழுத்துக்கு அடியில் வைத்தாள்.

சீஷர்கள் படகில் ரொட்டி கொண்டுவர மறந்துவிட்டு முணுமுணுக்கிற இடம் அது. அவள் ஒவ்வோர் எழுத்தாக ஏறினாள். ஒரு வார்த்தையில் தடுக்கி நின்றாள், திரும்பி வந்து மறுபடியும் தொடங்கினாள். வெளியே நின்ற பெண்களின் உதடுகள் அவளோடு சேர்ந்து அசைந்தன. முன்சியின் உதடும் அசைந்தது. வாத்தியார் வேலை செய்கிறவனுக்கு அதை அடக்க முடியாது. உங்களுக்கு இன்னும் விளங்கவில்லையா, கண் இருந்தும் தெரியவில்லையா என்று ஆண்டவர் சீஷர்களைக் கேட்கிற வரிக்கு வந்து முடித்தபோது அவள் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

முன்சி அங்கவஸ்திரத்தால் முகத்தை மூடிக்கொண்டார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. கோதண்டபாணி, பக்கத்தில் நாற்காலி இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

அஞ்சம்மாள் விரலை அந்த வரியிலிருந்து எடுக்காமல் தலையை மட்டும் தூக்கி, எதிரே வரிசையாக இருந்த பன்னிரண்டு பேரையும் பார்த்தாள்.

"இன்னும் விளங்கலையான்னு கேக்குறாருங்க சாமி" என்றாள்.

ஞானமுத்து ஐயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பவும் மாட்டிக்கொள்ளவில்லை.

"விளங்குச்சும்மா" என்றார். "மேல படி."